கிளிஃபர்டின் இடது கால் ஸ்டாக்கிங்

மர்பி டவுனில் பெர்னதெத் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் திங்கட்கிழமைதோறும் பன்னிரண்டு நீல ஜெர்சிகள் காயும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் வரிசை தப்பாது. எல்லா எண்களும் தெருவைப் பார்த்திருக்கும். ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கிளிப். காற்றடித்தால் மற்றவை பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்தாலும் பறக்கட்டும், தம்பி கிளிஃபர்டின் ஜெர்சி பறக்கக் கூடாது.

அவள் பதினோரு வருஷம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவள். சட்டையைக் கையில் வாங்கியதுமே எங்கே நூல் தொங்குகிறது, எந்தத் தையல் விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். இப்போது வீட்டிலிருந்தபடி ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாள். வேலைதான் மாறியது, கண் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசைக்காரரின் காலர் மடிந்திருந்தால், அன்றைக்குப் பாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்பது அவளுக்குக் காதில் ஏறாது.

கிளிஃபர்ட் அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவள் எட்டாம் வகுப்போடு நின்றாள். அவன் ஐ.டி.ஐ. முடித்தான். பொம்மசந்திராவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு அல்சூரில் கம்பெனி பஸ். டிரில் சத்தத்தைக் கேட்டே அதன் முனை மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவான் என்று சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தபோது சொல்லிப் போனார். இதைப் பெர்னதெத் சொல்லிக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

ஆனால் தெருவுக்கு அவனைத் தெரிந்தது வேலையால் அல்ல, கால்பந்தால். மார்னிங் ஸ்டார் கிளப்பின் ஸ்டாப்பர் பேக். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் பின்னால் நின்று எதிராளியை மறிக்கும் ஆள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே இரண்டு மஞ்சள் கார்டு. இரண்டுமே ரெஃப்ரியின் தவறு என்பது பெர்னதெத்தின் தீர்ப்பு. தேதியோடு சொல்லுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிளிஃபர்ட் எட்டு மாதம் பந்தைத் தொடவில்லை. காரணம் இதுதான் என்று எதையும் காட்ட முடியாது. வீட்டில் சாவு இல்லை, வேலை போகவில்லை, பெண் விவகாரமும் இல்லை. பஸ்ஸில் போவான், வருவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். டிபன் பாக்ஸ் காலையில் போன கனத்தோடே திரும்பி வரும். பெர்னதெத் அதை வாங்கும்போதே கையில் தூக்கிப் பார்ப்பாள். அந்தக் கனம்தான் அவளுக்கு அன்றைய சேதி. என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு என்று கேட்டுக் கேட்டு, அவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் டீம் கேப்டன் உமேஷ் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "வா குரு, சும்மா ஒரு ரவுண்டு" என்று அவனை நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அதுவரை மைதானத்தில் யாராவது திறந்த கோலைத் தவறவிட்டால், "இவன நிம்ஹான்ஸ்ல சேருங்கடா!" என்று கத்துவது வழக்கம். அதற்கப்புறம் மார்னிங் ஸ்டாரில் யார் வாயிலும் அந்தப் பேச்சு வரவில்லை. பல மாதம் கழித்து, "நான் போய்ப் பாத்துட்டு வந்தேன், அங்க கோல் போஸ்ட்டே கெடையாது" என்று கிளிஃபர்டே சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கத் துணிந்தார்கள்.

மாத்திரை, டாக்டரோடு பேச்சு, அப்புறம் மெல்ல மெல்லப் பந்து. இப்போது டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது. ஆனாலும் பெர்னதெத் தினமும் தூக்கிப் பார்க்காமல் விடுவதில்லை. அந்த எட்டு மாதம் மறுபடி வந்துவிடக் கூடாது. ஜெபமாலையில் கடைசி மணிக்கு அவள் வைத்திருக்கும் வேண்டுதல் அது ஒன்றுதான்.

அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்தக் கிளப்பில் இருந்தது. எட்டு மாதம் கழித்து கிளிஃபர்ட் முதல்முறை பிராக்டிஸுக்கு வந்த அன்று, முழங்கால் வரை ஏற்றியிருந்த அவனுடைய இடது கால் ஸ்டாக்கிங் நழுவிக் கணுக்காலில் விழுந்தது. அதை ஏற்றிவிடக்கூட அவனுக்குத் தெம்பில்லை. உமேஷ் அதைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு வீடு வரை கூடவே நடந்தான். வாசலில் நின்று, "இன்னொரு நாள் இப்டி இருந்தா அதே மாதிரி எறக்கி வுடு. நான் பாத்துக்கறேன்" என்றான். அதுவே வழக்கமாகிவிட்டது. யாருக்காவது அன்று தலைக்குள் பாரமாக இருந்தால், இடைவேளையில் இடது கால் ஸ்டாக்கிங்கைக் கணுக்காலுக்கு இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு அவனை யாரும் திட்டக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் ஒருவன் கூட நடந்து வீட்டில் விட வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. அவனாகச் சொன்னால் காது கொடுக்கலாம். கோல்கீப்பர் சாமிநாதன் இறக்கியிருக்கிறான். உமேஷே ஒரு முறை இறக்கினான்.

ஜெர்சியையெல்லாம் துவைக்கிற பெர்னதெத்துக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்றால், ஸ்டாக்கிங்ஸை மட்டும் அவரவர் வீட்டில்தான் துவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டவள் அவள்தான். அந்த நாற்றத்துக்கு அவள் வீட்டில் இடம் கிடையாது.

வினை முத்தம்மா வாயிலிருந்து புறப்பட்டது. மைதானத்தின் கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். அவளுக்குச் சொந்தக்காரன் ஒருவனும் டீமில் இல்லை. திட்டுவதற்காகவே வருவாள். இரண்டு டீமையும் வஞ்சனையில்லாமல் திட்டுவாள். ஃபைனலுக்கு முந்தின ஞாயிறு, இடைவேளையில், அவள் பெர்னதெத்தின் முழங்கையைத் தட்டினாள்.

"இன்னா பெர்னி, ஊருக்கெல்லாம் யூனிஃபார்ம் தெச்சுக் குடுக்கிற, ஒன் தம்பி கால்ல ஒரு ஸ்டாக்கிங் நிக்க மாட்டேங்குது! பாரு, தண்ணி போட்டவன் லுங்கி மாதிரி தொங்குது."

பெர்னதெத் பார்த்தாள். உண்மைதான். போன மாதம் சாமிநாதன் காலிலும் இதேபோல் தொங்கியது ஞாபகம் வந்தது. அதற்கு முன் உமேஷ் காலில். செக்கர் புத்தி உடனே முடிவு கட்டியது. எல்லாம் ஒரே லாட். எலாஸ்டிக் செத்துவிட்டது. எப்போதும் இடது காலிலேயே ஏன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் செக்கராக இருந்தவளுக்கு அது தோன்றாமல் போகாது. முத்தம்மாவின் லுங்கிதான் யோசிக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை உமேஷை ஆட்டோவோடு மடக்கினாள். "எல்லாரோட ஸ்டாக்கிங்ஸும் எனக்கு வேணும். இன்னைக்கே."

"அக்கா, வேணாங்க்கா. அது ரொம்ப டேஞ்சர்."

"டெட்டால்ல ஊற வெச்சுக்கிறேன். நீ கொண்டா."

எதற்கென்று அவன் கேட்டான். ஃபைனலுக்கு முன் துவைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். சர்ப்ரைஸ் சர்ப்ரைஸாக இருக்க வேண்டும் அல்லவா? பன்னிரண்டு ஜோடி, இருபத்துநான்கு ஸ்டாக்கிங்ஸ். இரண்டு முறை ஊற வைத்து, ஒரு முறை கொதிக்க வைத்து, ஒவ்வொன்றின் மேல்விளிம்பையும் பிரித்து, முக்கால் இஞ்ச் புது எலாஸ்டிக் கொடுத்து, இரண்டு வரிசை அடித்தாள். தைத்ததை ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் மேல் மாட்டி, இருபது முறை கீழே இழுத்துப் பார்த்தாள். இருபது முறையும் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது. இரண்டே பீஸ் அவள் பரிசோதனையில் தோற்றன. அவற்றைப் பிரித்து மறுபடி தைத்தாள். சனிக்கிழமை மாலை ஜோடி ஜோடியாக மடித்து, பின் குத்தி, பெயர் எழுதி, டீமுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிறு காலை கிளிஃபர்ட் எழுந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே டம்ளரை இரண்டு முறை கழுவினான். மூன்று இட்லியில் ஒன்றைத் தின்றான். பூட்ஸுக்கு லேஸ் கட்டும்போது எப்போதும் மூக்காலே ஒரு பாட்டு ஓடும், அன்று ஓடவில்லை. அவள் வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டாள். கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்புவானோ என்ற பயம். 'ஃபைனல் பயமாயிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டிலும் நூல் வெட்டும் சின்னக் கத்திரியும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கத்திரி இல்லாமல் அவள் பூசைக்குக்கூடப் போனதில்லை.

எதிர் டீம் லிங்கராஜபுரம். பத்தாவது நிமிஷத்தில் அவர்களுடைய ஃபார்வர்டு ஒருவன் கிளிஃபர்டின் வலப்பக்கமாகப் புகுந்தான். கிளிஃபர்ட் நின்ற இடத்திலேயே நின்றான். சாமிநாதன் பாய்ந்தும் பந்து அவன் கைக்கடியில் நழுவி உள்ளே போயிற்று.

"ஸ்டாப்பர் எங்கடா? பஸ் ஸ்டாப்புல நிக்கிறானா?" என்று முத்தம்மா தொடங்கினாள். "கீப்பரு, கைல இன்னா வெண்ணெயா?"

இடைவேளை விசில். ஒன்றுக்குப் பூஜ்யம். பையன்கள் கோட்டோரம் வந்து விழுந்தார்கள். பெர்னதெத்தின் கண் ஸ்கோரில் இல்லை, கால்களில் இருந்தது. இருபத்துநான்கும் முழங்காலுக்குக் கீழே ராணுவ வரிசையாக நின்றன. முத்தம்மாவைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அப்போது கிளிஃபர்ட் குனிந்து, இடது கால் ஸ்டாக்கிங்கைக் கணுக்கால்வரை இழுத்தான். கையை எடுத்ததும் அது சட்டென்று மேலே ஏறியது. மறுபடி இழுத்தான், மறுபடி ஏறியது. நாலடி தள்ளி சாமிநாதனும் அதையே செய்துகொண்டிருந்தான். அவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துப் பார்த்தான். விட்டதும் டப்பென்று சத்தத்தோடு முழங்காலில் அடித்தது.

பெர்னதெத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினாள்: "இழு! நல்லா இழுத்துப் பாரு! இன்னும் பத்து வருஷம் இழுத்தாலும் எறங்காது. கம்பெனிக்காரன்கூட இப்டி தெக்க மாட்டான்!"

டீம் முழுக்க அவளையே பார்த்தது. உமேஷ் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, நீயா இதப் பண்ண?"

"பின்ன யாரு? துணியக் கிழிச்சாலும் எலாஸ்டிக் போகாது."

"அய்யோ... அக்கா, அது கழண்டு வுழறது இல்ல. நாங்களே எறக்கறது."

"நீங்களே எதுக்குடா எறக்கணும்?"

உமேஷ் கிளிஃபர்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்குத் தலைக்குள்ள சரியில்லன்னு அர்த்தம். வாயால சொல்ல வராதில்ல, அதுக்குத்தான்."

பெர்னதெத்தின் மனசு கணக்குப் போட்டது. இந்த வருஷம் தம்பியின் ஸ்டாக்கிங் கீழே கிடந்து அவள் பார்த்தது மூன்று முறை. தவக்காலத்தில் ஒன்று, மழையில் ஆட்டம் பாதியில் நின்ற அன்று ஒன்று, போன ஞாயிறு ஒன்று. மூன்று முறை! அவள் ஒன்றும் அறியாமல் எலாஸ்டிக் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாட்டி எறக்கியிருக்கான்டா," என்றாள்.

"ஆமாக்கா. மூணு வாட்டியும் எவனாச்சும் ஒருத்தன் கூட நடந்து ஒன் வாசல் வரைக்கும் வந்தோமே."

வந்தார்கள்தான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். போன ஞாயிறு மீன் வறுவலையும் தட்டில் வைத்துக்கொண்டே, "ஒனக்கெல்லாம் வீடு வாசலே கெடையாதா? ஞாயித்துக்கெழம ஆனா இங்கயே வந்து நிக்கிறீங்க" என்று உமேஷைக் கேட்டிருந்தாள். அவன் இளித்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

"கத்திரி இருக்காக்கா?" என்றான் உமேஷ்.

அவள் பையிலிருந்து கத்திரியை எடுத்தாள். கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தாள். தம்பிக்கு முன்னால் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கால நீட்டு."

"அக்கா, எந்திரி. ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். ரெண்டு வரிசை தையல், லேசுல பிரியாது. ஆடாம இரு."

கத்திரி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தாள். அவசரத்திலும் துணியில் ஒரு ஓட்டை விழவில்லை. எலாஸ்டிக்கை உருவி எடுத்தாள். பிறகு அவளே அந்த ஸ்டாக்கிங்கைக் கணுக்காலுக்கு இறக்கி, சுற்றிலும் ஒரே அளவாக மடித்து, விரலால் நீவியும் விட்டாள்.

"இப்ப சரியா?"

கிளிஃபர்ட் தன் கணுக்காலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவனுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறான் என்றே அவள் பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தான். "அக்கா," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே, "மீதி எதுக்கு வுட்ட? அயர்ன் பண்ணிடேன்." சிரிப்பு அடங்கிய பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "இன்னைக்குக் கொஞ்சம் சரியில்லக்கா."

அந்த எட்டு மாதமும் அவள் கேட்காத நாளில்லை. வாய் திறந்து அவன் சொன்னது அதுதான் முதல் முறை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்திலிருந்து இன்னொரு கால் நீண்டது. "அக்கா, எனக்கும்," என்றான் சாமிநாதன்.

"ஏனம்மா இது," என்று கன்னடம் கலந்த தமிழில் கோச் கிருஷ்ணப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஃபைனல் மேட்ச்சா, டெய்லர் கடையா? ரெஃப்ரி பார்த்துண்டே இருக்கார்." சொன்னாரே ஒழிய, ரெஃப்ரிக்கு முதுகைக் காட்டி நின்று சாமிநாதனை மறைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது கிளிஃபர்ட் வெளியே உட்கார்ந்தான். கிடைத்த இடம் முத்தம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அவள் வாயைத் திறந்தாள். பெர்னதெத் பார்த்த பார்வையில் திறந்த வாய் வேறு பக்கம் போயிற்று. "இந்தா, கடலை துன்னு," என்று பொட்டலத்தை அவன் மடியில் போட்டுவிட்டு, தன் கோபத்தையெல்லாம் லிங்கராஜபுரத்தின் மேல் கொட்டினாள். கிளிஃபர்ட் ஒரு கடலையாக, இரண்டு கடலையாகத் தின்றான். பொட்டலம் காலியாவதைப் பெர்னதெத் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவனாகவே எழுந்தான். "கோச், நான் போறேன்."

போனான். ரெஃப்ரி நிறுத்தினார். காலைக் காக்கும் ஷின் பேடு வெளியே தெரிகிறது, ஸ்டாக்கிங்கை மேலே ஏற்று என்றார். ஏற்றினால் நிற்கவில்லை, எலாஸ்டிக் பெர்னதெத்தின் கையில் அல்லவா இருக்கிறது? அவள் ஓடினாள். உருவின எலாஸ்டிக்கை வெளிப்புறமாகச் சுற்றி, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டாள்.

"வேணும்னா இத இழு. எறங்கிடும்," என்றாள்.

"தெரியுதுக்கா. போ, வெளிய போ."

அதற்குப் பிறகு நடந்ததை மர்பி டவுனில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பெர்னதெத் சொல்வதுதான் சரியான கணக்கு. மொத்தம் முப்பது நிமிஷ ஆட்டத்தில் இருபத்தேழாவது நிமிஷத்தில் கிளிஃபர்ட் பின்னாலிருந்து ஓங்கி அடித்த பந்து, கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்த உமேஷின் தோள்பட்டையில் பட்டு உள்ளே போயிற்று. கோல் போட்டது தான்தான் என்பது உமேஷுக்கு எல்லோரும் மேலே வந்து விழுந்த பிறகே தெரிந்தது. டை பிரேக்கரில் சாமிநாதன் இரண்டு பந்தைத் தடுத்தான். அப்போது அவனுடைய இடது ஸ்டாக்கிங் கணுக்காலில்தான் இருந்தது. ரெஃப்ரி கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். முத்தம்மா நாற்காலி மேல் ஏறி நின்று, திட்ட யாரும் கிடைக்காமல் விசிலடித்தாள்.

கோப்பையோடு ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் உமேஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளிஃபர்டிடம் வந்தான். பெர்னதெத் குறுக்கே நின்றாள். "நீ சாமிநாதனோட போ. இவன் கூட இன்னைக்கு நான் நடக்கிறேன்."

"ரூல்ஸ் தெரியும்ல? கேக்கக் கூடாது."

"தெரியும் போடா."

தெரிவது வேறு, செய்வது வேறு. மைதான கேட்டிலிருந்து பெரிய ரோடு வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ரோட்டைத் தாண்டும்போது ஒரு கேள்வி வெளியே வந்தேவிட்டது. நல்லவேளை, ஒரு பஸ் ஹாரன் அதை விழுங்கியது. பூக்கடை தாண்டியது. சர்ச் தாண்டியது. மூக்கால் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், பார்த்தால் நின்றுவிடும்.

டீக்கடை முன்னால் கிளிஃபர்ட் நின்றான். இரண்டு டீ சொன்னான். "ரெண்டு வாரமா தூக்கம் சரியில்லக்கா," என்றான். "ஷிஃப்ட் மாத்திட்டாங்க, மாத்திரையும் ரெண்டு மூணு நாள் வுட்டுட்டேன். அப்ப மாதிரி இல்ல. அப்ப எனக்கே தெரியல. இப்பத் தெரியுது. செவ்வாக்கெழம லீவு போட்டு டாக்டரப் பாத்துட்டு வரேன்."

பெர்னதெத் டீயை ஊதினாள். ஊதி ஊதி ஆறவைத்துவிட்டுத்தான் அவளால் பேச முடிந்தது. "நானும் வரட்டா?"

"வா. ஆனா அங்க க்யூல நிக்கறவங்க காலரையெல்லாம் சரி பண்ணாத."

செவ்வாய்க்கிழமை போனார்கள். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார், இனி மாதம் ஒரு தரம் வரச் சொன்னார். பெர்னதெத் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு காலரைத்தான் சரி பண்ணினாள்.

புதன்கிழமை மறுபடி எல்லா ஸ்டாக்கிங்ஸும் அவள் மேசைக்கு வந்தன. வலது கால் பன்னிரண்டும் அப்படியே. இடது கால் பன்னிரண்டிலும் மிச்சமிருந்த எலாஸ்டிக்கைப் பிரித்தெடுத்து, நீல நாடா கோத்து, ஒரு நுனி வெளியே வைத்தாள். இழுத்தால் இறங்கும், கட்டினால் நிற்கும். அதையும் எண்ணெய் கேனில் இருபது முறை சோதித்தாள். வேலை நடக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோச் கிருஷ்ணப்பா. எப்போதும் ஃபுல் பேன்ட் போடுகிற மனிதர். பேப்பரில் சுற்றிய பெரிய சைஸ் சாம்பல் ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"இதுக்கும் ஸ்வல்ப நாடா போட்டு கொடும்மா," என்றார். "பேன்ட்டை மடிச்சு விட்டுக்கறேன்."

பெர்னதெத் அவர் முகத்தைப் பார்த்தாள். அளவெடுக்கும் டேப்பை எடுத்தாள்.

இப்போது திங்கட்கிழமைகளில் மாடிக் கொடியில் ஜெர்சிகளோடு ஸ்டாக்கிங்ஸும் காய்கின்றன. டெட்டால் வாசனை தெரு முனை வரை வருகிறது. போன வாரம் முத்தம்மா கீழே நின்று அண்ணாந்து எண்ணிப் பார்த்தாள்.

"பெர்னி, டீம்ல பன்னெண்டு பேருதான? பதிமூணாவது ஜோடி யாருது? சைஸப் பாத்தா யானைக்குத் தெச்ச மாதிரி இருக்கு!"

"கேக்கக் கூடாது," என்றாள் பெர்னதெத். சாம்பல் ஸ்டாக்கிங்ஸுக்கு இன்னொரு கிளிப் போட்டாள்.